இதழ் குவியாப் பாட்டு: துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகள்

மனிதனது அறிவு விந்தையான இயல்புடையது. எளிதிற் கிடைப்பதை அது எளிதில் மறக்கும். அரிதின் முயன்று பெற்றதை ஆயுள் முழுதும் போற்றும். கணக்கோ, விடுகதையோ, பழஞ்சுவடியிற் பொருள் விளங்காத ஒரு தொடரோ, எதுவாயினும் ஓர் இரவு முழுதும் நம்மை வாட்டி, விடியற்காலையில் தானே முடிச்சவிழ்ந்து நிற்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி பொன்னாலும் பொருளாலும் வாராது. பரிசு ஒன்றும் இல்லையாயினும், ஒருவர் கட்டிய முடிச்சை மற்றொருவர் அவிழ்க்கும் அந்தக் கணத்தில் இரண்டு அறிவுகள் கைகோத்துக்கொள்கின்றன.

இக்காலத்தில் இம்மகிழ்ச்சியைப் பெரிதும் நல்குவது குறுக்கெழுத்துப் புதிர். 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் வேர்ல்டு என்னும் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பார் இதனை முதன்முதல் வெளியிட்டார். தொடக்கத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் கூறும் எளிய விளையாட்டாகவே அது இருந்தது. பின்னர் இங்கிலாந்தில் எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் என்பவர், கொடுமைக்குப் பேர்போன ஸ்பானிய சமயவிசாரணைத் தலைவர் ஒருவரின் பெயராகிய டார்க்கிமாடா என்பதைப் புனைந்துகொண்டு, 1926 முதல் அப்சர்வர் இதழில் மறைபொருட் குறிப்புகளாலேயே ஆன புதிர்களை அமைத்தார். அத்தகைய குறிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு: ஒன்று விடையின் பொருளைச் சொல்லும், மற்றொன்று விடையின் எழுத்துக்களைக் கூட்டியும் குறைத்தும் மாற்றியும் காட்டும். இரண்டும் சேர்ந்து வேறொரு பொருளைச் சொல்வதுபோல் நடித்துப் படிப்பவனை ஏமாற்றும். நடிப்பை நம்புகிறவன் தோற்பான். எழுத்தை நோக்குகிறவன் வெல்வான்.

இது மேனாட்டார் கண்ட புதுமையன்றோ என்று நம் மாணவர் எண்ணக்கூடும். பூமாலையில் ஒரு மாத்திரையைக் குறைத்தால் குன்று தோன்றும் என்று ஒருவர் சொன்னால், மாலை மலையாகும் விதத்தைத் தமிழ் கற்றவன் உடனே அறிவான். இதனை மாத்திரைச் சுருக்கம் எனப் பெயரிட்டுச் சித்திரகவியின் வகைகளுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர். திருப்பிப் படிப்பினும் ஒன்றேயாகும் மாலைமாற்று, பாம்பின் வடிவில் எழுத்துக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நாகபந்தம், இதழ்கள் ஒட்டாத நிரோட்டம் எனப் பல வகைகள் உள்ளன. நாகபந்தத்தில் ஓரெழுத்து இரண்டு வழிகளுக்கும் பொதுவாக நின்று உதவுவதைக் காண்பவர், குறுக்கெழுத்துக் கட்டத்தின் உறவை அதிற் காணாதிருக்க மாட்டார்.

இத்தகைய அருஞ்செயலைத் தம் இளமையிலேயே செய்து புகழ் பெற்றவரும், நம் விருத்தாசலத்தைப் பாடிய புலவருள் தலைசிறந்தவருமாகிய துறைமங்கலம் சிவப்பிரகாச சுவாமிகளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம். அவர் 17ஆம் நூற்றாண்டினர் என்பர். அவர் வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பன பெரும்பாலும் புலவர் வழியாக வழங்கிவந்த செய்திகளே. ஆயினும் அவர் நூல்கள் அழியாது நின்று அச்செய்திகளுக்குத் துணை செய்கின்றன.

காஞ்சீபுரத்தில் வீரசைவ மரபில் குமாரசுவாமி தேசிகர் என்பார்க்கு மூத்த மைந்தராக இவர் தோன்றினார். வேலையர், கருணைப்பிரகாசர் என்னும் தம்பியர் இருவரும், ஞானாம்பிகை என்னும் தங்கையும் இவருடன் பிறந்தோர். தம்பியரும் புலவரே, மூவரும் சேர்ந்து சீகாளத்திப் புராணத்தைப் பாடி முடித்தனர் என்பதால் அக்குடும்பத்தின் கல்விச் சிறப்பு விளங்கும். தங்கையாரைப் பேரூர்ச் சாந்தலிங்க சுவாமிகளுக்கு மணஞ்செய்வித்தனர். தந்தையார் இளமையிலேயே இறந்துபட, சிவப்பிரகாசர் தம்பியரோடு திருவண்ணாமலையை அடைந்து கல்வி பயின்றார். அங்கே மலையை வலம் வருங்கால் சோணசைல மாலை என்னும் நூறு பாட்டுக்களைப் பாடினார் என்பர். நடந்துகொண்டே நூறு பாட்டுக்களைக் கட்டுதல் சொற்கள் தாமே வந்து கைகட்டி நிற்பவர்க்கன்றி இயலாது.

பாடும் ஆற்றல் இருந்தும் அவருக்கு ஒரு குறை மனத்தை வருத்தியது. இலக்கணத்தைத் தக்க ஆசிரியரிடம் முறையாகக் கற்றோமில்லையே என்பதே அது. இயல்பான திறமை வாய்த்தோர் பலர் கல்வியை இகழ்ந்து கெட்டதை நாம் காண்கிறோம். சிவப்பிரகாசரோ, இலக்கணம் வல்ல ஆசிரியரை நாடித் தென்றிசை நோக்கிப் புறப்பட்டார். வழியில், இந்நாளில் பெரம்பலூர் மாவட்டத்திலுள்ள துறைமங்கலத்தில் அண்ணாமலை ரெட்டியார் என்னும் செல்வர் அவரைத் தங்கச் செய்து உபசரித்தார். அவ்வூர்த் தொடர்பினாலேயே துறைமங்கலம் என்னும் அடைமொழி அவர் பெயரோடு ஒட்டியது. ரெட்டியார் வழிச்செலவுக்குப் பொற்காசுகளும் கொடுத்தனுப்ப, அவர் திருநெல்வேலியைச் சேர்ந்தார்.

அந்நாளில் தாமிரபரணிக் கரையில் சிந்துபூந்துறையில் தருமபுர ஆதீனத்தைச் சார்ந்த வெள்ளியம்பலவாணத் தம்பிரான் என்னும் பேராசிரியர் எழுந்தருளியிருந்தார். சிவப்பிரகாசர் அவரை வணங்கித் தம் கருத்தைத் தெரிவித்தார். வந்தவரின் தகுதியை அறிய விரும்பிய தம்பிரான், கு என்னும் எழுத்தில் தொடங்கி, ஊருடையான் என்னும் சொல் இடையில் வர, மீண்டும் கு என்னும் எழுத்திலேயே முடியுமாறு இறைவன்மேல் ஒரு வெண்பாப் பாடும்படி பணித்தார்.

இப்பணியின் கடுமையைச் சிறிது ஆராய்வோம். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாகவே அமையவேண்டும். குகர ஈறும் அவ்வாய்பாட்டுக்கு இசைந்து வரவேண்டும்.  இடையில் வரவேண்டிய ஊருடையான் என்பது ஊரை உடையவன் என்று எளிய பொருள் தந்து நிற்பினும், அது தளை தட்டாது பொருந்தவும், அடியின் எதுகை அதனோடு ஒத்து நிற்கவும் வேண்டும். ஒரு சொல்லை வைத்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இடங்களின் சுதந்திரம் போய்விடும். குறுக்கெழுத்துக் கட்டத்தில் மேலிருந்து கீழிறங்கும் ஒரு சொல், குறுக்கே வரும் ஐந்து சொற்களுக்கு எழுத்து விதிப்பதுபோன்ற நிலை இது.

சிவப்பிரகாசர் தாமதமின்றி அவ்வெண்பாவைப் பாடினார். தம்பிரான் விதித்த மூன்று நிபந்தனைகளும் நிறைவேறியதோடு, இறைவனைப் பெயர் சொல்லாது செயலாலும் அணியாலும் சுற்றி வளைத்துக் குறிக்கும் மறைபொருளும் அதில் அமைந்திருந்தது. புதிருக்கு விடை கூறியவர் அவ்விடையையே மற்றொரு புதிராக்கித் திருப்பிக் கொடுத்தார்! தம்பிரான் மகிழ்ந்து, அவரை மாணவராக ஏற்று, மிகக் குறுகிய காலத்தில் இலக்கணம் முழுதும் கற்பித்தார் என்பர்.

கல்வி முடிந்தபின் சிவப்பிரகாசர் தம்மிடமிருந்த பொற்காசுகளைக் குருதட்சிணையாக ஆசிரியர் திருவடியில் வைத்தார். துறவியாகிய தம்பிரான் அவற்றைத் தொடவில்லை. அவர் வேண்டியது வேறு. திருச்செந்தூரில் செருக்குற்ற புலவன் ஒருவன் இருந்தான். அவன் தம்பிரானது புலமையை நாடோறும் இழித்துரைத்து வந்தான். அவனை வென்று தம்மை வணங்கும்படி செய்தலே தமக்கு வேண்டும் தட்சிணை என்றார் ஆசிரியர். முற்றத் துறந்தவரும் தம் கல்வியைப் பழிப்பதைப் பொறுத்திலர் என்பது இதனாற் புலனாகும். அதை அவர்தம் குறையெனச் சிலர் கருதலாம். கல்வியையே செல்வமாகக் கொண்டவர்க்கு அதன்மேல் விழும் பழி தம் உடம்பின்மேல் விழும் அடியினும் கொடிது என்பதை எண்ணின், அக்குறையை மன்னிப்போம்.

சிவப்பிரகாசர் திருச்செந்தூர் சென்று கோயிலை வலம் வரும்போது அப்புலவனைச் சந்தித்தார். சொல்லுக்குச் சொல் வளர்ந்து இறுதியில் இருவரும் ஒரு பந்தயம் செய்துகொண்டனர். செந்திற் பெருமான்மேல் நிரோட்டக யமக அந்தாதியாக முப்பது பாட்டுக்கள் பாடவேண்டும். முந்தி முடித்தவர்க்குப் பிந்தியவர் அடிமையாகவேண்டும். இஃது இளைஞர் ஒருவரின் புகழ் மட்டும் பற்றியதன்று. அவர் தோற்பின் அடிமையாவதும், அவர் ஆசிரியரின் மானம் அழிவதும் உறுதி. தம்மையும் தம் குருவையும் ஒருங்கே பணயமாக வைத்து அவர் அவ்வாடலில் இறங்கினார்.

அவர் ஏற்றுக்கொண்ட விலங்குகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம். முதலாவது, யாப்பு. கட்டளைக் கலித்துறையில் அடிதோறும் ஐந்து சீர். நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஓரெழுத்துக் கூடினும் குறையினும் பாட்டுக் கெடும். இரண்டாவது, அந்தாதி. ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாகச் சங்கிலிபோற் செல்லவேண்டும்.

மூன்றாவது, யமகம். நான்கடியின் தொடக்கத்திலும் ஒரே எழுத்துக் கூட்டம் வரவேண்டும். பொருளோ அடிதோறும் வேறாகவேண்டும். மாதங்கம் என்பதை எடுத்துக்கொள்வோம். அது யானையைக் குறிக்கும். மா தங்கம் எனப் பிரித்தால் உயர்ந்த பொன்னாகும். மாது அங்கம் எனப் பிரித்தால் பெண்ணின் உடலாகும். இவ்வாறு பிரியும் சொற்களை முப்பது பாட்டுக்கும் தேடவேண்டும்.

நான்காவதாகிய நிரோட்டமே எல்லாவற்றினும் கொடியது. இதழ் குவிந்து பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்து உயிரும், இதழ் பொருந்திப் பிறக்கும் ப, ம என்பனவும், பல் இதழைத் தொடப் பிறக்கும் வகரமும் விலக்கப்படும். நம் மொழியில் உயிர்மெய் எழுத்து 216. இவ்விதியால் அவற்றுள் 111 எழுத்துக்கள் ஒரேயடியாகப் போய்விடும், எஞ்சுவன 105. பாதிக்கு மேற்பட்ட எழுத்துக்களைப் பறிகொடுத்த மொழியைக் கொண்டு முப்பது பாட்டுக்கள் பாடவேண்டும்!

எண்ணிக்கையைவிட, இழந்த சொற்கள் யாவை என்பதே நம்மைத் திகைக்கச் செய்யும். பாட்டுடைத் தலைவன் முருகப்பெருமான். ஆனால் முருகன் என்னும் பெயர் இதழொட்டும், ஆதலின் ஆகாது. குமரன், வேலன், ஆறுமுகன், சண்முகன் ஒருவரும் உள்ளே வாரார். வேலும் மயிலும் சேவலும் வாயிலிலேயே நிற்கவேண்டும். வள்ளிக்கும் தெய்வயானைக்கும் இடமில்லை. திருச்செந்தூர் என்று ஊரின் பெயரை முழுதும் சொல்லவும் வழியில்லை. தமிழ் என்னும் சொல்லே விலக்கப்பட்டது. பா, கவி, புலவன், குரு என்பனவும் அவ்வாறே. அம்மா, அப்பா என்று குழந்தையின் வாயில் முதலில் பிறக்கும் சொற்கள் இதழ்களின் சொற்களே, அவையும் போயின. இரண்டு பெயர்களை இணைக்கும் உம்மையும், உடனிகழ்ச்சியைக் காட்டும் ஓடு என்னும் உருபும் உதவமாட்டா. பாடுகின்றவர் தம் பெயராகிய சிவப்பிரகாசர் என்பதையும் அந்நூலுள் வைக்க இயலாது!

இனி எஞ்சியவை யாவை? கந்தன் என்னும் பெயர் எஞ்சியது. செந்தில் என்னும் ஊர்ப்பெயர் எஞ்சியது. அரன், ஈசன் என்பன உண்டு. கடல், அலை, கரை என்பன உண்டு. தாள், அடி, சிந்தை உண்டு. அம்மை போயினும் அன்னையும் தாயும் இருக்கின்றனர். அப்பன் போயினும் தந்தை இருக்கிறார். ஐ, ஆல், இன், கண் என்னும் உருபுகள் கைவிடவில்லை. கடற்கரைக் கோயிலும் கந்தனும் அடியவர் சிந்தையும் இருப்பின் பாட்டுக்கு வேறென்ன வேண்டும் என்று ஆராய்ந்து தேறும் அறிவே புலமை. இல்லாதவற்றை எண்ணி ஏங்குகிறவன் அவ்விடத்திலேயே நின்றுவிடுவான். இருப்பவற்றை எண்ணுகிறவன் வழி காண்பான்.

அரிய புதிர்களை அவிழ்ப்போர் யாவரும் இதனை அறிவர். தொடக்கத்தில் கட்டம் முழுதும் வெறுமையாகக் கிடக்கும். ஒரு மூலையில் ஐயமற ஒரு சொல் கிடைத்தால் அதன் எழுத்துக்கள் பக்கத்துச் சொற்களுக்குக் கைகொடுக்கும். முன்பு தடையாகத் தோன்றிய கட்டமே பின்பு வழிகாட்டியாக மாறும். யாப்பும் அத்தகையதே. நான்கடிக்கும் ஒரே தொடக்கம் என்னும் விதி முதலில் மலைபோல் நிற்கும். அத்தொடக்கம் ஒன்று கிடைத்தவுடன் நான்கடியின் வாயிலும் ஒருங்கே திறக்கும். ஒரு பாட்டின் ஈறு அமைந்தவுடன் அடுத்த பாட்டின் தலையும் அமைந்துவிடும்.

செருக்குற்ற புலவன் தொடங்கிய இடத்திலேயே திகைத்து நிற்க, சிவப்பிரகாசர் முப்பது பாட்டுக்களையும் பாடி முடித்தார். பந்தயப்படி அப்புலவன் அடிமையாகவேண்டும். இளைஞர் அவனைத் தமக்கு அடிமையாக வைத்துக்கொள்ளவில்லை. சிந்துபூந்துறைக்கு அழைத்துச் சென்று தம்பிரானை வணங்கச் செய்து அதனையே குருதட்சிணையாகச் செலுத்தினார். வென்றவன் வெற்றியின் பயனைத் தான் கொள்ளாது ஆசிரியர்க்கு உரிமையாக்கிய இச்செயல், முப்பது பாட்டினும் சிறந்த முப்பத்தொன்றாம் பாட்டு என்று நாம் கருதலாம். இக்கதையின் ஒவ்வொரு பகுதியும் நடந்தவாறே நமக்கு வந்ததோ என்று ஐயுறுவோரும், திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி என்னும் நூலைக் கையிலெடுத்துக் கண்ணாடி முன் நின்று படித்துப் பார்ப்பாராயின், இதழ்கள் இரண்டும் ஒன்றையொன்று தீண்டாதிருக்கும் அற்புதத்தைத் தாமே காண்பர்.

பின்னர்ச் சிவப்பிரகாசர் வடக்கு நோக்கி மீண்டு துறைமங்கலத்திலும் வெங்கையிலும் தங்கினார். திருவெங்கைக் கோவை, திருவெங்கைக் கலம்பகம், திருவெங்கை உலா முதலியன வெங்கையைப் பற்றி எழுந்தன. அவர் பாடல் பெற்ற தலங்களுள் நம் விருத்தாசலம் ஒன்று. இவ்வூரின் பெயரே ஒரு புதிர். திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர். பழமலை என்பதும் அதுவே. அதனை வடமொழியில் ஆக்கியது விருத்தாசலம். மூன்றும் முதிய மலை என்றே பொருள்படும். ஆயினும் மணிமுத்தாற்றங்கரையில் வந்து நிற்பவன் கண்ணுக்கு உயர்ந்த மலை ஒன்றும் தோன்றாது! இறைவனே மலை என்று தலபுராணம் உணர்த்தும்போதுதான் முடிச்சு அவிழும். இவ்வூர் இறைவன்மேல் பழமலை அந்தாதி, பிட்சாடன நவமணிமாலை என்பவற்றையும், அம்மைமேல் பெரியநாயகியம்மை கலித்துறை, பெரியநாயகியம்மை நெடுங்கழிநெடில் ஆசிரிய விருத்தம் என்பவற்றையும் அவர் பாடினார். இன்று பீங்கான் தொழிலால் நம் ஊரை அறிவோர் பலர். நெகிழும் களிமண் அச்சின் நெருக்கத்தாலும் சூளையின் வெப்பத்தாலும் உருவும் உறுதியும் பெறுவதை இங்கே நாடோறும் காண்கிறோம். விதிகளின் நெருக்கத்தில் சொல் உறுதிபெறுவதும் அதனோடு ஒக்கும்.

அருமையிலேயே அவர் நின்றுவிடவில்லை. கன்னடத்தில் சாமரசர் இயற்றிய காவியத்தைத் தழுவி, அல்லமப் பிரபுவின் வரலாற்றைப் பிரபுலிங்க லீலை என்று 25 கதிகளாக அருளினார். கற்பனைக் களஞ்சியம் என்னும் சிறப்புப் பெயர் அவருக்கு வழங்குவதாயிற்று. இவையாவும் கற்றோர்க்கு உரியன. கல்லாச் சிறுவர்க்கும் அவர் ஒன்று தந்தார், அதுவே நன்னெறி. நாற்பது வெண்பாக்களே கொண்ட அந்நூலில் ஒவ்வொரு நீதியும் ஓர் உவமையோடு தெளிவாக விளங்கும். கடற்கரை மணலில் விரலால் எழுதினார் என்று அதைப்பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிச் சிறுவர் அதனை மனப்பாடம் செய்தனர். நிரோட்டகம் பாடிய கையே நன்னெறியையும் எழுதியது என்பதை மாணவர் மறத்தலாகாது. அரியதைச் செய்ய வல்லவரே எளியதையும் பிழையின்றிச் செய்வர். எளிமை அவர்க்கு இயலாமையால் வந்ததன்று, அன்பினால் தேர்ந்துகொள்ளப்பட்டது.

இல்லறம் புகாது துறவு நெறியில் நின்ற சிவப்பிரகாசர், புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள நல்லாற்றூரில் தம் 32ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார் என்பர். நம்மிற் பலர் கல்வியைத் தொடங்கலாமா என்று எண்ணும் வயதில் அவர் முப்பதுக்கு மேற்பட்ட நூல்களை முடித்து வைத்துச் சென்றார். காலம் அவருக்கு விதித்த எல்லையும் ஒரு கட்டளைக் கலித்துறை போலவே சுருங்கியது. அதற்குள் ஓரெழுத்தும் வீணாகாமல் அவர் வாழ்ந்தார்.

மாணவ நண்பர்களே! உங்கள் பாடங்களிலும் வாழ்விலும் விடை காணாத கட்டங்கள் பல நேரும். பொருளின்மையும், காலக்குறைவும், உடற்பிணியும் வேண்டிய எழுத்துக்களை உங்களிடமிருந்து பறித்துக்கொள்ளலாம். அப்போது போனவற்றின் கணக்கை விட்டு, எஞ்சியவற்றின் கணக்கை எடுங்கள். முருகனும் குமரனும் வேலனும் போனபின்னும் ஒருவர்க்குக் கந்தன் எஞ்சினான். அவ்வொரு பெயரைக்கொண்டு அவர் தம் குருவின் மானத்தைக் காத்தார். அவர் கண்ட இன்பத்தில் ஒரு துளி நீங்களும் காண்பீர்களாக.